பட்டாளத்தார் மருத்துவமனையில் ஒரு மரணம்: பெங்களூரைக் களமாக வைத்து மர்ம நாவல் எழுத முழுமையான வழிகாட்டி

மருத்துவமனை என்றாலே மர்மக் கதைக்குத் தோதான இடம்தான். நீண்ட நடைபாதை, இரவு விளக்கு, பூட்டிய மருந்து அலமாரி எல்லாம் தயாராக இருக்கின்றன. முன்னாள் ராணுவத்தினர் சிகிச்சை பெறும் மருத்துவமனைக்கு இவற்றை விடப் பெரிய பலம் ஒன்று உண்டு. அங்கே படுத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இரண்டு வரலாறுகள். ஒன்று உடம்பில் இருக்கிறது: தழும்பு, உள்ளேயே தங்கிவிட்ட உலோகத் துண்டு, குண்டுச் சத்தத்தில் போன காது. மற்றொன்று கோப்பில் இருக்கிறது: டிஸ்சார்ஜ் புக் (பணியிலிருந்து விடுவித்ததற்கான பதிவு), மெடிக்கல் போர்டு (ராணுவ டாக்டர்கள் குழு) அறிக்கை, பென்ஷன் ஆணை. இந்த இரண்டும் எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கேதான் உங்கள் கதையின் மரணம் நிகழ வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டே போகிறது.

பெங்களூரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. 1780-இல் தொடங்கிய மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படை 1834 முதல் இந்த ஊரில்தான் இருக்கிறது. அல்சூர் ஏரியை ஒட்டிய அவர்களுடைய மையத்தை, அந்தப் பக்கம் பேருந்தில் போகிற எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்தப் படைவீரர்களை ராணுவம் முழுக்க ‘தம்பி’ என்றே அழைக்கிறார்கள். அல்சூர், மர்பி டவுன், காக்ஸ் டவுன், ஆஸ்டின் டவுன், நீலசந்திரா பக்கத் தமிழ் வீடுகள் பலவற்றில் சாமி படத்துக்குப் பக்கத்தில் சீருடைப் படமும் மாட்டியிருக்கும். அந்த வீட்டுக் கதை தமிழில் போதுமான அளவு எழுதப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

முதல் படி: எந்த மாதிரி மருத்துவமனை?

முன்னாள் வீரர்களுக்கு மட்டும் என்று அரசு நடத்தும் பெரிய மருத்துவமனைகள் வெளிநாடுகளில் உண்டு. அந்தப் படத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் முதல் அத்தியாயத்திலேயே விவரம் தெரிந்தவர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். நம் நாட்டு ஏற்பாடு வேறு. 2003 ஏப்ரல் 1-இல் தொடங்கிய இசிஎச்எஸ் என்ற மருத்துவத் திட்டத்தில் பென்ஷன் வாங்கும் முன்னாள் ராணுவத்தினரும் அவர்களைச் சார்ந்தவர்களும் சேரலாம். முதலில் பாலிகிளினிக்குக்குப் போக வேண்டும். அங்கே பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் ராணுவ மருத்துவமனைக்கோ, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைக்கோ ரெஃபரல் எழுதித் தருவார்கள்.

ஆக, உங்களுக்கு இரண்டு வழிகள். ஒன்று ராணுவமே நடத்தும் மருத்துவமனை. அங்கே டாக்டர், நர்ஸ், நர்சிங் அசிஸ்டென்ட் எல்லோரும் சீருடைக்காரர்கள். மிலிட்டரி நர்சிங் சர்வீஸில் இருக்கும் சிஸ்டர்கள் அதிகாரிகள். தோளில் நட்சத்திரம் இருக்கும். இன்னொன்று, இசிஎச்எஸ் நோயாளிகள் நிறைய வரும் தனியார் அல்லது அறக்கட்டளை மருத்துவமனை. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அங்கே சிவில் உலகமும் பட்டாளத்து உலகமும் ஒரே லிஃப்டில் ஏறி இறங்குகின்றன. மலையாளி சிஸ்டர், கன்னடம் பேசும் வார்டு பாய், தமிழ் ஹவில்தார், இந்தி மட்டும் தெரிந்த பில்லிங் ஊழியர் என்று பேச்சும் கலந்தே வரும். ஒருவர் சொன்னது இன்னொருவர் காதுக்கு வேறு மாதிரிப் போய்ச் சேர, இயல்பாகவே இடம் கிடைக்கிறது.

மருத்துவமனையின் பெயரைக் கற்பனையாக வையுங்கள். உண்மையான மருத்துவமனையில் கற்பனைக் கொலையை நடத்தக் கூடாது. அங்கே வேலை செய்கிறவர்களுக்குச் செய்யும் அநியாயம் அது. தெருக்கள், கோயில், ஏரி, பேருந்து நிறுத்தம் உண்மையாக இருக்கட்டும். அல்சூர் ஏரிக்கும் பழைய விமான நிலையச் சாலைக்கும் நடுவில் எங்காவது ஒரு நான்கு மாடிக் கட்டடத்தை எழுப்பிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: வயதைக் கணக்குப் போடுங்கள்

சின்ன வேலைதான், ஆனால் பலர் தவறவிடுவது. 1971 டிசம்பர் போரில் 20 வயது என்றால் அவர் 1951-இல் பிறந்தவர். இன்று எழுபதுகளின் நடுவில் இருப்பார். கார்கிலில், அதாவது 1999 கோடையில், 22 வயது என்றால் இன்னும் ஐம்பதைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். உங்கள் வார்டில் தாத்தாக்கள் வேண்டுமா, நடுவயதுக்காரர்கள் வேண்டுமா என்பதைப் போர்தான் தீர்மானிக்கும்.

தமிழில் எழுதுகிறவர் தவிர்க்கக் கூடாத ஒன்று இலங்கைக்குப் போன அமைதிப்படை. 1987 ஜூலை 29-இல் ஒப்பந்தம், அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் சண்டை, 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு திரும்பி வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே இறந்தார்கள். திரும்பி வந்த படையை வரவேற்க அன்றைய தமிழக முதல்வர் மு. கருணாநிதி போகவில்லை, அங்கே தமிழர்களுக்கு நேர்ந்தவைதான் காரணம் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் படையில் தமிழ் வீரர்களும் இருந்தார்கள். தமிழில் கெஞ்சியவர்களின் குரல் இவர்களுக்கு மட்டும் நேரடியாகப் புரிந்தது. ஊருக்கு வந்த பிறகு அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. முப்பத்தைந்து வருடம் வாயைத் திறக்காத ஒரு மனிதர் காய்ச்சல் மயக்கத்தில் ஒரு ஊர்ப் பெயரை உளறுகிறார் என்றால், அதைக் கேட்ட பக்கத்துக் கட்டில்காரருக்கு என்ன தோன்றும்? நாவலின் கனம் இங்கே இருக்கிறது. இதை வெறும் திருப்பமாகப் பயன்படுத்திவிட்டுப் போய்விடாதீர்கள். இரு பக்கத்திலும் செத்தவர்களின் வீட்டார் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களும் உங்கள் நாவலைப் படிப்பார்கள்.

மூன்றாம் படி: உடம்பையும் கோப்பையும் மோத விடுங்கள்

இந்த வழிகாட்டியின் உயிர் இந்தப் படிதான். ஒரு மாதிரிக் கதையை வைத்தே சொல்கிறேன்.

14-ஆம் கட்டிலில் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர், சாப்பர். பிறந்தது 1963, யாழ்ப்பாணம் போனபோது 24 வயது. இடது தொடையில் ஸ்பிளின்டர் (வெடித்துச் சிதறிய உலோகத் துண்டு) காயம் என்று கோப்பு சொல்கிறது. அதற்காக ஊனமுற்றோர் பென்ஷன் வாங்கிவருகிறார். இப்போது தீராத இடுப்பு வலி. டாக்டர் எம்ஆர்ஐ எழுதுகிறார்.

எம்ஆர்ஐ அறைக்குள் போகுமுன் ஒரு படிவம் நிரப்புவார்கள். உடம்பில் பேஸ்மேக்கர் உண்டா, உலோகம் உண்டா, பழைய குண்டுக் காயம் உண்டா என்று கேட்கும். அந்தக் காந்தம் இருபத்து நான்கு மணி நேரமும் வேலை செய்துகொண்டே இருக்கும். படம் எடுக்காத நேரத்திலும் இரும்பை இழுக்கும். அதனால், ‘ஸ்பிளின்டர்’ என்ற சொல்லைக் கோப்பில் பார்த்ததும் டெக்னீஷியன் முதலில் ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார். எக்ஸ்ரேயில் தொடை சுத்தமாக இருக்கிறது. ஒரு துகள்கூட இல்லை. மறுநாள் விடிவதற்குள் 14-ஆம் கட்டில் ஹவில்தார் இறந்துவிடுகிறார்.

இந்த எக்ஸ்ரேக்கு எத்தனை விளக்கம் சொல்லலாம் என்று எழுதிப் பாருங்கள். படுத்திருந்தவர் ஹவில்தாரே இல்லை, அவர் பெயரில் வாழ்ந்த வேறு ஆள் என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. அதை வாசகருக்குப் பொய்த்தடமாகக் கொடுத்துவிடுங்கள். துண்டை வெளியே எங்கோ தனியாக எடுத்துவிட்டார் என்பது இன்னொன்று. எனக்குப் பிடித்தது மூன்றாவது: ஆள் அவரேதான், ஆனால் காயம் அவருடையது இல்லை. காயம்பட்டவர்களை அவசரமாக விமானத்தில் அனுப்பிய குழப்பத்தில் இரண்டு வீரர்களின் மருத்துவத் தாள்கள் மாறிவிட்டன. பெயரும் கிட்டத்தட்ட ஒன்று, ஆர்மி நம்பரில் ஒரே ஒரு இலக்கம் வித்தியாசம். முதலில் அது வெறும் தவறு. பிறகு கோப்பு பார்க்கும் கிளார்க் ஒருவர் அதைக் கண்டுபிடித்தார். திருத்தவில்லை, காசு வாங்கினார்.

அப்படியானால் உண்மையில் காயம்பட்டவர் எங்கே? ராணுவத்தில் சாதாரண நிலை வீரருக்குப் பென்ஷன் கிடைக்க 15 ஆண்டு சேவை வேண்டும். காயம் பணியால் ஏற்பட்டது என்று மெடிக்கல் போர்டு எழுதினால், 20 சதவீதமாவது ஊனம் இருந்தால், அதற்கு முன்பே வெளியேறினாலும் ஊனமுற்றோர் பென்ஷன் உண்டு. இவருடைய தாளிலோ காயமே இல்லை. ஏழெட்டு வருடச் சேவையில், சொந்த விருப்பத்தில் விலகியதாக வெளியே வந்துவிட்டார். பென்ஷன் இல்லை. பென்ஷன் இல்லாததால் இசிஎச்எஸ் அட்டையும் இல்லை. அந்த மருத்துவமனையில் அவர் நோயாளியாகப் படுக்கவே முடியாது. அதனால்தான் அவர் அதன் வாசலில் செக்யூரிட்டியாக நிற்கிறார்.

இந்த மனிதரைக் கண்டுபிடித்ததும் உங்கள் நாவல் தானாக நடக்கத் தொடங்கும். எவ்வளவு இயல்பாகத் துப்புகள் வருகின்றன பாருங்கள். நோயாளியை எம்ஆர்ஐ மேசைக்கு மாற்ற ஒரு கை குறைகிறது, செக்யூரிட்டியைக் கூப்பிடுகிறார்கள். அவர் வாசற்கோட்டிலேயே நின்றுவிடுகிறார்.

“நீங்க உள்ள போங்க சாப். நான் இங்கயே நிக்கிறேன்.”

“ஏன் தம்பி? ஒரு கை குடுத்தா ஆச்சு.”

“வேணாம் சாப். வேற ஆளக் கூப்புட்றேன்.”

வாசகர் இதை அலட்சியம் என்றோ பயம் என்றோ எடுத்துக்கொள்வார். தொடையில் இரும்பு இருக்கிற ஆள் காந்தத்துக்குப் பக்கத்தில் போக மாட்டார் என்பது இருநூறு பக்கம் கழித்துத்தான் உறைக்கும். நேர்மையான துப்பு என்றால் இதுதான்: கண்முன்னே வைத்தாயிற்று, எதையும் மறைக்கவில்லை.

நான்காம் படி: பட்டாளத்தார் கேட்கப் போகும் கேள்விக்கு முன்பே பதில் வையுங்கள்

ஊனமுற்றோர் பென்ஷன் வாங்குபவரை முன்பெல்லாம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மெடிக்கல் போர்டு மறுபடி பார்க்கும். ‘அப்போது எப்படித் தப்பினார்?’ என்று விவரம் தெரிந்த வாசகர் கேட்பார். இப்படி ஒரு ஓட்டை வரும்போது அதைப் பூசி மறைக்காதீர்கள், கதவாக மாற்றுங்கள். போர்டு கூப்பிட்ட நாளில் ஹவில்தாரின் பெயரில் போய் நின்றது காயம்பட்டவரேதான். கிளார்க் ஏற்பாடு, கையில் கொஞ்சம் பணம். வேலையில்லாமல் இருந்த காலம். தன் காயத்தை இன்னொருவர் பெயரில் காட்டிவிட்டு வீட்டுக்கு அரிசி வாங்கிப் போனார். இந்த உண்மை நாவலின் நடுவில் வெளிவரட்டும். அதுவரை அப்பாவியாகத் தெரிந்தவர் உடந்தையாகிறார். வாசகருக்கு அவர்மேல் இரக்கம் குறையாது, கூடும்.

‘அவரிடம் சொந்தத் தாள்கள் எதுவும் இல்லையா?’ என்பது அடுத்த கேள்வி. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூரில் தமிழர்கள்மீது கலவரம் நடந்தது. அன்று எரிந்த ஒரு வீட்டில் அவருடைய டிஸ்சார்ஜ் புக்கும் இருந்தது. ஊர் வரலாறு இப்படிக் கதையின் தேவையோடு கைகோத்து வர வேண்டும். கலவரத்தைச் சும்மா பின்னணி வண்ணத்துக்காக இழுத்துவராதீர்கள்.

ஐந்தாம் படி: இப்போது ஏன்?

பழைய ரகசியம் என்றால் இவ்வளவு நாள் கழித்து ஏன் கிளம்புகிறது என்பதற்கு வலுவான காரணம் வேண்டும். எக்ஸ்ரே ஒரு பொறி. இன்னொன்று ஸ்பர்ஷ். வங்கிகள் வழியாகப் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தவர்களின் கணக்குகள் சமீப ஆண்டுகளில் இந்த இணைய அமைப்புக்கு மாறின. பெயரெழுத்து, பிறந்த தேதி, மனைவி பெயர் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்க வேண்டியிருந்தது. வயதானவர்கள் யாரையாவது நம்பித்தான் இதைச் செய்தார்கள். அந்த ‘யாராவது’ உங்கள் கொலையாளியாக இருக்கட்டும்: முன்பு கோப்பு பார்த்த அதே கிளார்க், இன்று ஓய்வுபெற்று, பகுதியில் எல்லோருக்கும் பென்ஷன் வேலை பார்த்துக் கொடுக்கும் மரியாதையான மனிதர். தாள் திருத்தியது அந்த ஒரு முறை மட்டும் இல்லை. ஒன்று வெளியே வந்தால் எல்லாம் வரும்.

இங்கே சட்டமும் உதவுகிறது. ராணுவச் சட்டப்படி பெரும்பாலான குற்றங்களுக்கு, ஒருவர் பணியிலிருந்து விலகிய 3 ஆண்டுக்குள் வழக்கு விசாரணை தொடங்கிவிட வேண்டும். 1988-இல் செய்த கோப்பு வேலைக்காக இன்று அவரை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது. அவருக்கே அது தெரியும். அவர் பயப்படுவது பழைய குற்றத்துக்கு இல்லை; இன்றுவரை தொடரும் மோசடிக்கு, போலீஸுக்கு, அப்புறம் தெருவில் தன்னைச் ‘சார்’ என்று கூப்பிடும் அத்தனை பேரின் முகத்துக்கு.

இதைத் தவிர வேறு காரணம் தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மரணம் ராணுவப் பணியின் விளைவு என்று ஏற்கப்பட்டால் மனைவிக்கு வரும் குடும்பப் பென்ஷன் வேறு, சாதாரண மரணம் என்றால் வேறு. திருமணம், குழந்தை பிறப்பு எல்லாம் பார்ட் டூ ஆர்டர் என்ற ராணுவப் பதிவில் ஏற வேண்டும். ஏறாத மனைவிக்கு எதுவும் எளிதில் கிடைக்காது. இரண்டு குடும்பம் வைத்திருந்தவர் இறந்தால் என்ன ஆகும் என்பது தனி நாவலுக்கே போதும். விதிகள் அடிக்கடி மாறியிருக்கின்றன, அதனால் உங்கள் பாத்திரம் ஓய்வுபெற்ற ஆண்டின் விதியைப் பாருங்கள்.

ஆறாம் படி: மரணம் எப்படி?

மருத்துவமனையில் மரணம் சாதாரணம். அங்கே கொலையாளிக்குக் கிடைக்கும் பெரிய பாதுகாப்பே அதுதான். டாக்டர் மரணக் காரணத்தைப் படிவம் 4-இல் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் உடல் வீட்டுக்குப் போய்விடும். மின்மயானத்தில் எரித்துவிட்டால் உடம்பு சொல்ல வேண்டியதைச் சொல்லவே முடியாது. புதைத்திருந்தால் மாஜிஸ்திரேட் உத்தரவோடு தோண்டலாம். ஆகவே ஹவில்தாரின் குடும்பம் எந்த மதம், எந்த வழக்கம் என்பது வெறும் விவரம் இல்லை, கதையின் மூட்டு. வீட்டில் அப்பா இந்து, அம்மா கிறிஸ்தவர் என்றால் எரிப்பதா புதைப்பதா என்ற சண்டையே விசாரணைக்கு வேண்டிய ஒரு நாளை வாங்கித் தந்துவிடும்.

அபூர்வ விஷம் தேடிப் போக வேண்டாம். வார்டிலேயே இருக்கும் பொருளும், செய்யாமல் விட்ட ஒரு செயலும் போதும். மாறிப்போன ஒவ்வாமைக் குறிப்பு, எட்டாத தூரத்தில் தள்ளிவைத்த அழைப்பு மணி, இப்படி. மருந்துதான் வேண்டும் என்றால், எப்படிக் கொன்றான் என்பதை விட எப்படி அகப்பட்டான் என்பதில் பக்கங்களைச் செலவழியுங்கள். உதாரணமாக இன்சுலின். நம் கணையம் சுரக்கும்போது இன்சுலினோடு சி-பெப்டைட் என்ற பொருளும் சேர்ந்து வரும், ஊசியில் வருவதில் அது இருக்காது. இறந்த பிறகு ரத்தத்தில் சர்க்கரை அளவு தானாகவே இறங்கிவிடுவதால் அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆனால் நள்ளிரவில் வேறு காரணத்துக்காக எடுத்த ரத்த மாதிரி ஆய்வகக் குளிர்பெட்டியில் இன்னும் இருக்கிறது. அது தூக்கி எறியப்படுவதற்குள் போய்ச் சேர வேண்டும். ஓட்டம் தானாக வந்துவிட்டது, பாருங்கள்.

ஏழாம் படி: யார் விசாரிப்பது?

ஓய்வுபெற்றவர் சட்டப்படி சிவிலியன். தனியார் மருத்துவமனை என்றால் உள்ளூர்ப் போலீஸ்தான். 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடக்கும் கதை என்றால் சந்தேக மரண விசாரணை பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 194-ஆம் பிரிவில் வரும்; அதற்கு முந்தையது என்றால் பழைய சிஆர்பிசி 174. கொலைத் தண்டனைக்குப் பழைய 302 போய் பிஎன்எஸ் (புதிய தண்டனைச் சட்டம்) 103 வந்துவிட்டது. இன்றைய இன்ஸ்பெக்டர் 302 என்று எழுதினால் நாவல் அங்கேயே பொய்யாகிவிடும். (பேச்சில் மட்டும் பழைய ஏட்டு ஒருவர் ‘த்ரீ நாட் டூ’ என்று சொல்லலாம், அது இயல்பு.)

சூரியன் மறைந்த பிறகும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பரில் விதி தளர்ந்தது. ஆனால் கொலைச் சந்தேகம் இருந்தால் சாதாரணமாக இரவில் செய்ய மாட்டார்கள். சாயங்காலம் சந்தேகம் எழுந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டும். உள்ளுறுப்புகள் மடிவாளாவில் இருக்கும் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும். அறிக்கை கதைக்குள் வந்து சேராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கை வராமல் கண்டுபிடிப்பதுதான் உங்கள் துப்பறிவாளரின் வேலை.

ராணுவ மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இரண்டு புதையல்கள். பணியில் இருக்கும் நர்சிங் அசிஸ்டென்ட் ஒருவர் ஓய்வுபெற்றவரைக் கொன்றால், போர்ப்பணி, வெளிநாடு, எல்லைக் காவல் நிலை தவிர மற்ற இடங்களில், ராணுவச் சட்டம் 70-ஆம் பிரிவின்படி ராணுவ நீதிமன்றம் அதை விசாரிக்க முடியாது, சிவில் நீதிமன்றம்தான். அதே நேரம் கோர்ட் ஆஃப் என்கொயரி என்ற ராணுவத்தின் உள்விசாரணை தனியாக நடக்கும். அதில் ஒருவருடைய பெயருக்கோ ராணுவ மதிப்புக்கோ களங்கம் வரும் என்றால், விசாரணை முழுவதும் உடனிருக்கவும் சாட்சிகளைக் கேள்வி கேட்கவும் அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது ராணுவ விதி 180. சந்தேகத்துக்குரியவர் அதே அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு சாட்சியையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். இப்படி ஒரு காட்சியை நான் தமிழில் படிக்க ஆசைப்படுகிறேன்.

துப்பறிவாளராக இன்ஸ்பெக்டரைப் போட வேண்டியதில்லை. இரவுப் பணி சிஸ்டர் ஒருவர், வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், போதும். சார்ட்டை வாசிக்கத் தெரிந்தவர், எந்த டிரிப் எப்போது மாறியது என்று பார்த்தவுடன் சொல்பவர். அவருக்குத் துணையாக 15-ஆம் கட்டிலில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் கிழட்டுச் சுபேதார். ஹவில்தாரோடு அதே படைக் கம்பெனியில் யாழ்ப்பாணம் போனவர். சிஸ்டருக்கு உடம்பு தெரியும், சுபேதாருக்கு ஆட்களைத் தெரியும். கோப்பு மட்டும் யாரிடமும் இல்லை. சாப்பர்ஸ் ரெக்கார்ட்ஸ் அலுவலகம் அதே ஊரில், ஒரு ஆட்டோ தூரத்தில் இருக்கிறது. ஆனால் யார் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிட மாட்டார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, அடுத்தவரின் சொந்த விவரம் என்று மறுக்கவும் செய்யலாம்.

எட்டாம் படி: வார்டை அறியுங்கள்

ஒரு வார்டின் ஒரு நாளை மணிவாரியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிஸ்டர்கள் எப்போது டியூட்டி மாறுகிறார்கள், கைமாற்றும் அந்த அரை மணி நேரத்தில் கட்டில்களை யார் பார்க்கிறார்கள், அட்டெண்டருக்கு எத்தனை மணிவரை அனுமதி, மார்ஃபின் போன்றவை இருக்கும் பூட்டிய அலமாரியின் சாவி யாரிடம், பதிவேட்டில் எத்தனை கையெழுத்து வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கொலைக்கான இடைவெளி இந்த அட்டவணையில்தான் கிடைக்கும்.

ரேங்க் ஓய்வுக்குப் பிறகும் போவதில்லை. இசிஎச்எஸ்ஸில் ஹவில்தார் வரை பொது வார்டு, நாயப் சுபேதார் முதல் அரைத் தனியறை, அதிகாரிகளுக்குத் தனியறை. 14-ஆம் கட்டிலும் 15-ஆம் கட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் என்று எழுதினேனே, அது எப்படி? சுபேதாருக்கு அறை காலியில்லை, ஒரு இரவு மட்டும் பொது வார்டில் போட்டார்கள் என்று வையுங்கள். அந்த ஒரு இரவில்தான் மரணம். காலையில் அறை காலியானதும் அவரை மாடிக்கு மாற்றிவிடுகிறார்கள். முக்கியமான சாட்சி போலீஸ் பட்டியலிலேயே இல்லாமல் போய்விடுகிறார்.

ஒன்பதாம் படி: பேச்சு

சுபேதாரை எல்லோரும் ‘சாப்’ என்பார்கள், அவர் மனைவி உட்பட சிலர் கிண்டலுக்கும் சொல்வார்கள். சிஸ்டரை வயதானவர்கள் ‘அம்மா’ என்றும் ‘சிஸ்டரம்மா’ என்றும் கூப்பிடுவார்கள். தெருவில் சுபேதார் ‘மிலிட்டரி தாத்தா’. தமிழ் வீரர்களின் பேச்சில் இந்தி கட்டளைச் சொற்கள் கலந்து வரும். கோபம் வந்தால் இந்தி, வலி வந்தால் தமிழ். ஆட்டோக்காரரிடம் கன்னடம். இதையெல்லாம் ஒவ்வொரு வரியிலும் தூவாதீர்கள். ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு இடம் போதும், வாசகர் காதில் குரல் விழுந்துவிடும்.

பத்தாம் படி: பைத்தியக்கார வீரனை எழுதாதீர்கள்

இதை அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இரவில் அலறி எழுகிறவர், பட்டாசுச் சத்தத்துக்குக் கட்டிலடியில் ஒளிகிறவர் வார்டில் இருப்பார். அவரைக் கொலையாளி ஆக்குவது சோம்பேறித்தனம், கொடுமையும்கூட. போர் மனதில் விட்டுப்போன காயத்தோடு வாழ்கிறவர்களைப் பார்த்துப் பயப்படும் பழக்கம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. அவரைச் சாட்சி ஆக்குங்கள். இரவெல்லாம் தூங்காதவர் அவர் ஒருவர்தான். மூன்று மணிக்கு யார் வந்தார்கள் என்று பார்த்தவர். சொன்னால் யாரும் நம்பாதவர். அவரை முதலில் நம்பும் ஆள் யார் என்பதில் உங்கள் சிஸ்டரின் குணம் தெரிந்துவிடும்.

வாசல் செக்யூரிட்டியையும் கொலையாளி ஆக்காதீர்கள். வாசகர் முழுச் சந்தேகமும் அவர்மேல் விழும்படி அமைத்துவிட்டு, கடைசியில் அவர் தொடையை எக்ஸ்ரே எடுக்க வையுங்கள். இம்முறை அவர் சொந்தப் பெயரில்.

பதினோராம் படி: பின்னாலிருந்து திட்டமிடுங்கள்

முடிவு தெரிந்தபின் நான்கு நெடுவரிசையுள்ள ஒரு தாள் போடுங்கள்: அத்தியாயம், உண்மையில் நடந்தது, வார்டில் தெரிந்தது, வாசகருக்குத் தோன்றுவது. கிளார்க் இரண்டாம் அத்தியாயத்துக்குள் வந்துவிட வேண்டும், உதவி செய்கிறவராக. கையில் ஒரு ஃபைல், சட்டைப் பையில் இரண்டு பேனா, எல்லோருக்கும் ஆறுதல். அவர் எப்போது வந்தாலும் ஏதோ ஒரு தாளைத் திருத்திக்கொண்டிருக்கட்டும். கதை நடக்கும் காலத்தை ஒன்பது பத்து நாளுக்குள் அடக்குங்கள். நவம்பர் நல்ல மாதம். பென்ஷன்காரர்கள் பலர் உயிர்ச் சான்றிதழ் கொடுக்கும் காலம், கிளார்க் வார்டுக்குள் கட்டில் கட்டிலாகப் போய்வர யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

பன்னிரண்டாம் படி: படிக்கக் கொடுங்கள்

முதல் பிரதியை மூன்று விதமான ஆட்களிடம் கொடுங்கள். வார்டில் வேலை பார்த்த ஒரு நர்ஸ், பட்டாளத்தில் இருந்த ஒருவர், இரண்டும் இல்லாத ஒரு தீவிர மர்மக்கதை வாசகர். நர்ஸிடம் கேட்க வேண்டியது: ‘இந்த நேரத்தில் இதைச் செய்ய முடியுமா, யாராவது பார்த்துவிட மாட்டார்களா?’ பட்டாளத்தாரிடம்: ‘இந்த ரேங்கில் இருப்பவர் அந்த ரேங்கிடம் இப்படிப் பேசுவாரா?’ அவருடைய சொந்தப் போர் அனுபவத்தைத் தோண்டாதீர்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள். சொன்னதை அவர் அனுமதியில்லாமல் நாவலில் போடாதீர்கள். பணியில் இருப்பவர்களிடம் முகாம் அமைப்பு, காவல் ஏற்பாடு போன்றவற்றைக் கேட்கவே கூடாது, உங்கள் கதைக்கு அவை தேவையும் இல்லை. மர்மக்கதை வாசகரிடம் ஒரே கேள்வி: கிளார்க்கை எந்தப் பக்கத்தில் சந்தேகப்பட்டீர்கள்? முதல் பாதியிலேயே என்றால் அவர் திருத்தும் தாள்களைக் குறையுங்கள். கடைசிவரை சந்தேகமே வரவில்லை என்றால் எம்ஆர்ஐ வாசல் காட்சிக்கு மறுநாள் அவரும் செக்யூரிட்டியும் டீக்கடையில் நின்று பேசுவதை சிஸ்டர் தூரத்திலிருந்து பார்க்கும்படி ஒரு சின்னக் காட்சி சேருங்கள்.